தெரு தாண்டினால் வெளிமாநிலம்

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே வண்டியை விட்டால் கோட்டக்குப்பம் எப்போது வந்தது என்றே தெரியாது. அதே டீக்கடை, அதே மீன்கூடை, அதே வெயில். ஜிஎஸ்டி கணக்கில் மட்டும் அங்கே மாநிலம் மாறிவிடுகிறது. புதுச்சேரியின் எண் 34, தமிழ்நாட்டின் எண் 33.

"பாண்டியில வரி கம்மி" என்பது பழைய பேச்சு. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்குப் பிறகு அது மதுவுக்கும் பெட்ரோலுக்கும்தான் பொருந்தும். இரண்டும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. சிறு கடைக்காரருக்கோ நிலைமை தலைகீழ். பொருள் மட்டும் விற்பவர் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு எடுக்க வேண்டாம். புதுச்சேரியில் வரம்பு 20 லட்சம். 2019 ஏப்ரலில் வரம்பு உயர்ந்தபோது, தெலங்கானா, உத்தராகண்ட் போலப் புதுச்சேரியும் பழைய வரம்பிலேயே நின்றுவிட்டது. கல்லாவில் தினம் 5,500 ரூபாய் விழுந்தால் போதும், வருடம் முடிவதற்குள் 20 லட்சம் தாண்டிவிடும். சோப்பும் பிஸ்கட்டும் விற்கிற மளிகைக் கடையில், வரியே இல்லாத காய்கறி விற்பனையும் இந்தக் கூட்டலில் சேரும்.

அடுத்த சிக்கல் டெலிவரி. பதிவு எடுக்காத கடைக்காரர், தெரிந்தவர்தானே என்று ஒரு மூட்டைச் சாமானைக் கோட்டக்குப்பத்து வீட்டில் இறக்கிவிட்டு வந்தால், அது வெளிமாநில விற்பனை. 20 லட்சம் வரம்பெல்லாம் அப்போது உதவாது, பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்களுக்கு மட்டும் பான் எண், இ-வே பில் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. தையல் போன்ற சேவைகளுக்கும் 20 லட்சம் வரை தொல்லையில்லை. விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று காம்பொசிஷன் திட்டத்தில் சேர்ந்த வியாபாரியோ, எல்லை தாண்டிப் பொருள் விற்கவே கூடாது.

அதே கோட்டக்குப்பத்துக்காரர் கடைக்கு வந்து, காசு கொடுத்து, பையில் போட்டுக்கொண்டு போனால்? பில்லில் முகவரி எழுதாவிட்டால் உள்ளூர் விற்பனை. முகவரி என்று வெறுமனே "தமிழ்நாடு" என எழுதினாலும் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரி. 2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்கு விதி இப்படித்தான். பில் போடும் பையனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பது சந்தேகமே.

2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீத அடுக்குகள் போய், 5, 18 நின்றன. ஆடம்பரத்துக்கு 40 தனி. பேக்கரிக்காரர்களுக்கு இது நல்ல காலம். ரொட்டிக்கு எப்போதும் வரியில்லை, பக்கத்துத் தட்டில் இருந்த கேக்குக்கு 18. கிரீம் பன் வரியைப் பற்றிக் கோவை ஓட்டல்காரர் ஒருவர் 2024இல் நிதியமைச்சரிடம் கேட்ட கேள்வி ஊரெல்லாம் சிரிப்பானது. இப்போது கேக், பிஸ்கட் எல்லாம் 5.

ஒயிட் டவுன் விடுதிக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு வரி 12இலிருந்து 5 ஆகிவிட்டது. 2,000 ரூபாய் அறைக்கு விருந்தினர் 240 கட்டிய இடத்தில் 100 கட்டுகிறார். ஆனால் ஏசி வாங்கியது, சுவருக்கு மஞ்சள் பூசியது, துணி வெளுத்தது ஆகியவற்றுக்குக் கட்டிய வரியை இனி உள்ளீட்டு வரவாகக் கழிக்க முடியாது. பழைய வாடகையையே வைத்துக்கொண்டு வரி குறைந்தது என்று மகிழ்ந்தவர்களுக்கு, கணக்குப் போட்டால் கைக்காசு போவது தெரியும்.

இனி நேரத்தைப் பற்றி. ரிட்டர்ன் போடுவது பத்து நிமிட வேலை. கம்பியில் குத்திவைத்த பில்களில் காணாமல் போன ஒன்றைத் தேடுவதுதான் இரண்டு நாள் வேலை. ஷட்டரை இறக்குமுன் அன்றைய கொள்முதல் பில்களைப் போனில் படமெடுத்து, ஒரே இடத்தில் போட்டுவைக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. மாதம் 14ஆம் தேதி மிக முக்கியம்: சரக்கு கொடுத்தவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி அறிக்கை அன்றுதான் வரும். சரக்கு கொடுத்தவர் நம் பில்லை ஏற்றவில்லை என்றால் அன்றே போன் போட்டுவிடலாம். 19ஆம் தேதி இரவு ஆடிட்டரிடம் பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

5 கோடி வரை விற்பவர்கள் காலாண்டு முறைக்கு மாறலாம். முதல் இரண்டு மாதமும் வரியை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். காலாண்டு முடிந்ததும் விற்பனை விவரம் 13ஆம் தேதி, 3பி ரிட்டர்ன் 22ஆம் தேதி. வட மாநிலங்களுக்கு 24, நமக்கு இரண்டு நாள் முன்னதாகவே. காம்பொசிஷன்காரர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதி. தவறினால் வழக்கமான ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், விற்பனையே இல்லாத மாதமானாலும் 20. வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போடுகிறவர்கள் திங்கள் காலை சற்று ஓய்வாக இருப்பார்கள். கணக்கு நோட்டை எடுக்க அதைவிட நல்ல நேரம் வாரத்தில் வேறு வராது. எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பில் புத்தகத்தின் முகவரிக் கட்டம்: யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று.