தீர்ப்பின் மொழி

முன்சீப், வக்கீல், அமீனா, வாய்தா என நம் நீதிமன்றங்களில் வழங்கும் சொற்கள் பல, அரபு மொழியில் வேர்கொண்டு பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தவை. முன்சீப் என்றால் நீதி செய்பவர். வாய்தா என்றால் வாக்குறுதி. ஒத்திவைப்புக்கு இப்பெயர் வாய்த்ததை எண்ணி வழக்காடுவோர் நகைக்கவும் கூடும்! இச்சொற்களெல்லாம் திண்டிவனத்து உழவருக்கு நன்கு விளங்கும். விளங்காதது, அவர் கைக்கு வரும் ஆங்கிலத் தீர்ப்பேயாகும்.

வரப்புத் தகராற்றிற்காக மயிலம் பக்கத்திலிருந்து திண்டிவனம் நீதிமன்றம் வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் தமிழில் சாட்சி சொல்கிறார். எதிர்த்தரப்பாரும் தமிழரே. எனினும் தீர்ப்பு ஆங்கிலத்தில் அமையுமாயின், தாம் தோற்றது ஏன் என்பதை வக்கீல் வாயாலேயே அவர் அறிதல் வேண்டும். மேல்முறையீடு செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். காரணங்களைப் படிக்க இயலாதவரும் அவரே. நீதிபதி தம் முடிவுக்குப் பொறுப்பேற்பது எழுதும் காரணங்களால்தான். உரியவர் அவற்றைப் படிக்க முடியாதபோது அப்பொறுப்பு பாதியாகிவிடுகிறது.

முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இதனை அன்றே உணர்ந்தார். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862இல் வெளியிட்டார்.

இன்று சட்டமும் பெருந்தடையன்று. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பெற்று, கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிவதற்கும் தீர்ப்பெழுதுவதற்கும் தமிழுக்கு இடமளித்தது. ஆனால், ஆங்கிலத்தில் எழுத உயர் நீதிமன்றம் இசைவளிக்கலாம் என்னும் விலக்கும் அதிலேயே உண்டு. அவ்வழியே ஆங்கிலம் தொடர்கிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006 டிசம்பரில் இயற்றிய தீர்மானம் நடுவண் அரசின் இசைவைப் பெறவில்லை.

குற்ற வழக்குகளில் பலரும் அறியாத உரிமை ஒன்றுண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் விண்ணப்பித்தால், இயலுமாயின் அவர் மொழியில் பெயர்த்த தீர்ப்புப் படியைத் தாமதமின்றித் தரவேண்டும். அவர் மேல்முறையீடு செய்யத்தக்க தீர்ப்பாயின் அதற்குக் கட்டணமில்லை. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவ்விதி நிலைபெற்றுள்ளது. கேட்பவர்க்கே கிடைக்கும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

கேட்பதற்குத் துணையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டத்தின்படி பெண்களும் பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், திண்டிவனத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இதற்கென உள்ளன. எழுதத் தெரியாத ஒருவருக்கு ஒருபக்க விண்ணப்பத்தை நல்ல தமிழில் எழுதித் தருவது, மூன்றாண்டு இலக்கணம் பயின்ற நம் மாணவர்க்கு அரைமணி நேர வேலை.