கணக்கு கடலோடியிடம் இருக்கிறது!

இராமேசுவரம் என்றதும் கோயிலை எண்ணுவோர் உண்டு, பாம்பன் பாலத்தை எண்ணுவோர் உண்டு. நாம் எண்ணச் சொல்வது, அந்தக் கடலடியிலே புல் மேயும் ஓர் ஏழைப் பிராணியை! ஆவுளியா என்பர் கடலோடிகள்; கடற்பசு என்று எழுதுவர் ஏட்டினர். குட்டிக்குப் பாலூட்டும், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினாலோ, மூச்சுமுட்டி மாளும். ஈனுவதும் சில ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே குட்டி.

எஞ்சியவை எத்தனை? இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 240. பெரும்பகுதி பாக் விரிகுடாவில் என்றனர், பாதுகாப்பகம் அமைக்க முனைந்தபோது. 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது! மகிழ்ச்சியே. ஆனால், தஞ்சைக் கடலோடு நின்றுவிட ஆவுளியா என்ன, தாசில்தாரா? புல் இருக்குமிடமெல்லாம் அதன் ஊர். இராமநாதபுரத்துக் கடலும் அதன் ஊர்தான்.

சீனத்தைப் பாருங்கள். அங்கே 1988 முதலே கடற்பசு முதல்தரப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. சட்டம் இருந்தது, விலங்கு இருந்ததா? ஆய்வாளர்கள் கரையோரச் சிற்றூர்களுக்குச் சென்று 788 மீனவரைக் கேட்டனர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் கண்டேன் என்றவர் மூவர். மூவரே! 2022-ல், சீனக் கடலில் அது செயலளவில் அற்றுப்போய்விட்டது என்று முடிவு கட்டினர். கவனியுங்கள், அந்த முடிவைத் தந்தது மீனவனின் நினைவு!

நம் நாட்டிலும் அப்படித்தான். கரையிலே நின்று கலங்கிய கடலை நோக்கும் அதிகாரிக்குத் தெரியாதது, வலை வளைப்பவனுக்குத் தெரியும். எங்கே புல் அடர்ந்தது, எங்கே குட்டியோடு தாய் மேய்ந்தது என்பதை அவன் சொன்னால்தான் கணக்கு. அவன் வாயை அடைப்பது எது? அச்சம்! 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பிராணி. தானாகச் சிக்கிச் செத்ததைச் சொன்னாலும் வழக்கு வருமோ என்று நடுங்குகிறான். நடுங்குபவன் சொல்வானா? சடலத்தைக் கடலிலேயே விட்டுவிடுவான். பதிவேட்டிலோ சாவு ஒன்று குறையும்!

சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்தவர்களை வனத்துறை பாராட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. பாராட்டு வலையைத் தைத்துத் தருமா? கடன்பட்டு வாங்கிய வலை அது. அறுத்தால் அன்றைய அடுப்பும் அணையும். எனவே நாம் கேட்பது இரண்டே: அறுத்த வலைக்கு அந்த வாரமே விலை, தெரியாமல் சிக்கிச் செத்ததை வந்து சொல்பவன்மீது வழக்கில்லை என்ற எழுத்து மூலமான உறுதி. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் மண்டபத்திலும், மீனவர் கூடும் இடத்திலேயே அதை ஒட்டி வையுங்கள். அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.