நிறுவனக் கட்டமைப்பு என்பது யாது?

பெங்களூர் நகரின் கிழக்கே அமைந்த தொம்மலூர், தமிழர்க்குப் புதிய ஊரன்று. அங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் இடைக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். இக்காலத்திலோ அவ்வூரைச் சுற்றிலும் கணிப்பொறித் துறை அலுவலகங்கள் பெருகியிருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே பணிபுரிவோர் பலர், பகலில் வேலையும் இரவில் படிப்புமாகத் தொழில்முறைத் தேர்வுகளுக்குத் தங்களை ஆயத்தம் செய்துகொள்கின்றனர். அத்தேர்வுகளுள் ஒன்று ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்னும் பொருள் பற்றியது. அதற்கான கட்டணம் சிறிதன்று. அதில் தேறினால் கிட்டும் பதவி உயர்வும் சிறிதன்று. ஆயினும் பாட நூலைப் பலமுறை படித்தும் பொருள் விளங்கவில்லை என்று வருந்துவோர் உண்டு. அவர்களுக்கு உதவும் வகையில், இத்தொடரின் பொருள் யாதென இங்கே ஆராய்வோம்.

முதல் இடர்ப்பாடு சொல்லிலேயே இருக்கிறது. ‘ஆர்க்கிடெக்சர்’ என்பதற்கு அகராதி தரும் பொருள் கட்டடக்கலை. ‘என்டர்பிரைஸ்’ என்பதற்கு அது தரும் பொருள் தொழில் முயற்சி. இவ்விரண்டையும் சேர்த்தால் தொழிற்சாலைக் கட்டடம் கட்டும் கலை என்றே தோன்றும்! இத்துறையினர் கொள்ளும் பொருள் வேறு. பொது நோக்கம் ஒன்றினால் பிணைக்கப்பட்ட அமைப்புகளின் தொகுதி எதுவாயினும் அது நிறுவனமே. ஒரு கம்பெனியும் நிறுவனம். ஓர் அரசுத் துறையும் நிறுவனம். பல மாநிலங்கள் கூடி நடத்தும் ஒரு திட்டமும் நிறுவனமே. கட்டமைப்பு என்பது, அந்நிறுவனத்தின் உறுப்புகள் யாவை, அவை ஒன்றோடொன்று கொண்ட உறவுகள் யாவை, அவற்றை ஆக்கவும் மாற்றவும் வழிகாட்டும் நெறிகள் யாவை என்னும் மூன்றையும் குறிக்கும். சுருங்கச் சொன்னால், பகுதிகளில் கை வைக்குமுன் முழுமையைக் கண்டறிந்து வரைந்து வைப்பதே நிறுவனக் கட்டமைப்பு எனலாம்.

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. 1987ஆம் ஆண்டில் ஜான் சக்மன் என்னும் அமெரிக்கர், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீடு கட்டுவோர் வீட்டுக்காரருக்கு ஒரு படமும், கொத்தனாருக்கு வேறொரு படமும் வரைந்து காட்டுவதுபோல, தகவல் அமைப்புகளுக்கும் பார்ப்பவரின் நிலைக்கேற்ற பல படங்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்னும் ஆறு வினாக்களும் அவருடைய முறையில் இடம்பெற்றன. 1995இல் ‘டோகாஃப்’ என்னும் நெறிமுறை வெளிவந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்திருந்த ஒரு முறையை அடிப்படையாகக் கொண்டு ‘தி ஓப்பன் குரூப்’ என்னும் அமைப்பு அதனை உருவாக்கிற்று. அதன் பத்தாம் பதிப்பு 2022இல் வெளியாயிற்று. தொம்மலூரில் நம்மவர் படிப்பது பெரும்பாலும் இதனையே. நம் நாட்டிலும் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ‘இண்டியா’ எனச் சுருக்கி வழங்கும் இந்திய நிறுவனக் கட்டமைப்பு நெறியை 2018இல் வகுத்தளித்தது. துறைகள் பலவாயினும் குடிமகனுக்கு அரசு ஒன்றாகவே தோன்ற வேண்டும் என்பது அதன் நோக்கம்.

டோகாஃப் நெறி ஒரு நிறுவனத்தை நான்கு அடுக்குகளாகக் காண்கிறது: பணி, தரவு, பயன்பாட்டு மென்பொருள், தொழில்நுட்பம். இவற்றை மனப்பாடம் செய்வது எளிது, விளங்கிக்கொள்வதே அரிது. எனவே, வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் பலரும் அறிந்த ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ என்னும் திட்டம்.

முன்னாளில் ரேஷன் அட்டை ஒரு குறிப்பிட்ட கடையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் வந்த குடும்பத்தினர், ஊரிலுள்ள கடையில் அரிசிக்கு உரிமை பெற்றிருந்தும், இங்கே வெளிச்சந்தையில் விலை கொடுத்தே வாங்கினர். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை வழங்கிற்று. உரிமை இருந்தது; ஆனால் அதனை உடன்கொண்டு செல்ல இயலவில்லை. இக்குறையைக் கட்டமைப்பாளர் எவ்வாறு ஆராய்வார்?

முதலாவது அடுக்கு பணி. உரிமை கடையைச் சார்ந்ததா, குடும்பத்தைச் சார்ந்ததா என்பதே மூல வினா. குடும்பத்தைச் சார்ந்தது என்று முடிவு செய்தவுடன் வேறு வினாக்கள் எழுகின்றன. தமிழ்நாட்டு அட்டைக்குக் கர்நாடகக் கடை வழங்கிய அரிசியை எந்தக் கணக்கில் எழுதுவது? தந்தை பெங்களூரில் தம் பங்கைப் பெற்றால், ஊரிலுள்ள தாயும் பிள்ளைகளும் எஞ்சியதைப் பெறலாமா? பெறலாம் என்பதே திட்டத்தின் விதி. இவற்றுள் ஒன்றேனும் கணிப்பொறியைப் பற்றிய வினா அன்று என்பதைக் கவனிக்க.

இரண்டாவது அடுக்கு தரவு. எந்தக் குடும்பத்தில் எவர் எவர் உளர், இம்மாதம் எவ்வளவு பெற்றனர் என்னும் செய்திகள் இதில் அடங்கும். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோர் நன்கறிந்த இடர் ஒன்று இங்கே உண்டு. சண்முகம் என்னும் பெயரைத் தமிழில் ஒருவகையாகவும், கன்னடத்தில் வேறு வகையாகவும், ஆங்கிலத்தில் மூன்று நான்கு வகையாகவும் எழுதுவர். பெயரை நம்பி இரு மாநிலங்கள் கணக்கை ஒப்பிட இயலாது. ஆதார் எண் இவ்விடத்தில் இணைப்புக் கயிறாகப் பயன்பட்டது.

மூன்றாவது அடுக்கு பயன்பாட்டு மென்பொருள். மாநிலங்கள் தத்தம் மென்பொருளைக் கைவிட்டு ஒன்றையே ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள மத்தியில் ஒரு பொது அமைப்பு நிறுவப்பட்டது. நான்காவது அடுக்கு தொழில்நுட்பம். கைரேகை பதியும் விற்பனைக் கருவியும், அதனை இணைக்கும் தொலைத்தொடர்பும் இதனைச் சார்ந்தவை.

பொறியியலும் நிரல் எழுதுதலும் பயின்றவர்கள் பெரும்பாலும் நான்காவது அடுக்கிலிருந்தே சிந்திக்கத் தொடங்குகின்றனர். எந்தக் கருவி வாங்குவது என்பதே அவர்களுக்கு முதல் வினா. நோக்கத்தை வகுத்து, பணியை ஆராய்ந்து, பின்னர் தரவும் மென்பொருளும் கண்டு, அதன் பின்னரே கருவிக்கு வருதல் டோகாஃப் காட்டும் வரிசை. அட்டை கடையைச் சார்ந்தது என்னும் பழைய விதி மாறாதிருந்தால், எத்தனை உயர்ந்த கருவியும் தருமபுரித் தொழிலாளிக்குப் பெங்களூரில் ஒரு படி அரிசி தந்திராது.

அடுத்து, இன்றைய நிலையையும் அடைய வேண்டிய நிலையையும் அருகருகே வைத்து, இடைவெளியைக் கணக்கிடுவர். அவ்விடைவெளியை ஒரே தாவலில் கடத்தல் அரிது. ஆதலால் இடைநிலைகள் வகுக்கப்படும். இத்திட்டத்தில் 2019 ஆகஸ்டில் ஆந்திரம்–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரம் என இரண்டு இணைகள் முதலில் சேர்ந்தன. 2020 ஜனவரி முதல் நாளில் கர்நாடகம் உள்ளிட்ட 12 மாநிலங்கள் இணைந்திருந்தன. தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் புலம்பெயர் தொழிலாளர் பட்ட துன்பத்தைக் கருதிய உச்ச நீதிமன்றம், 2021 ஜூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் இதனை நிறைவேற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 ஜூனில் அசாமும் சேர, மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளுமாக 36உம் இணைந்தன. பாட நூலில் ‘இடைநிலைக் கட்டமைப்பு’ என வரும் தொடருக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

எல்லை வகுத்தலும் இக்கலையின் இன்றியமையாத கூறு. இத்திட்டம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் முன்னுரிமையற்ற அட்டைகளும் பல உண்டு. அவற்றுக்கு வெளிமாநிலத்தில் தானியம் கிடைக்காது. மாநில அரசு தன் பொறுப்பில் கூடுதலாக வழங்கும் பொருள்களும் எல்லை கடந்து வாரா. எல்லையைத் தெளிவாக அறிவிக்காவிடின், கடை வாயிலில் வரிசையில் நின்றவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும். அன்றியும், சுமை தூக்கியும் சாந்து குழைத்தும் ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு. அப்போது செய்ய வேண்டியது யாது என்பதையும் முன்னரே வரைந்து வைத்தல் கட்டமைப்பாளரின் கடமை. படத்தில் விடுபட்ட ஒரு கோடு, ஒரு வீட்டில் அன்றைய உலையாக இருத்தல் கூடும்.

தேர்வு முறையும் இவ்வுண்மையைத் தழுவியே அமைந்துள்ளது. அடிப்படைத் தேர்வில் 40 வினாக்கள். காலம் 60 நிமிடம். இது நினைவாற்றலைச் சோதிப்பது. அடுத்த நிலையில் வினாக்கள் எட்டே. காலம் 90 நிமிடம். நூலைப் பார்த்தும் விடை எழுதலாம். ஒவ்வொரு வினாவிலும் ஒரு நிறுவனத்தின் நிலைமை கதைபோல் விரிக்கப்படும். தரப்படும் நான்கு விடைகளுள் மிகச் சிறந்ததற்கு 5 மதிப்பெண், அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 1, பொருந்தாததற்கு ஒன்றுமில்லை. சரி, தவறு என்று இரண்டாகப் பிரிக்காமல், எது மேலும் பொருந்தும் என்று சீர்தூக்கும் தேர்வு இது. நூல் கையில் இருந்தும் பலர் இதில் தவறுவதன் காரணம் விளங்குகிறதல்லவா?

ஆகவே, இதனைப் பயில்வோர் ஒரு முறையைக் கைக்கொள்ளலாம். தாம் நன்கறிந்த அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ரயில் முன்பதிவாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம், தாம் பணிபுரியும் அலுவலகமாகவே இருக்கலாம். ஒரு தாளில் நான்கு பத்திகள் இட்டு, பணி, தரவு, மென்பொருள், தொழில்நுட்பம் என்னும் வரிசையில் நிரப்புக. முதற்பத்தி நிறையாமல் நான்காவதைத் தொடாதிருத்தல் நன்று. இன்றைய நிலை, வேண்டிய நிலை, இடைவெளி, எல்லை ஆகிய நான்கையும் அதன்கீழ்க் குறிக்கலாம். இதனைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். ஆங்கிலத் தொடர்களை அவ்வண்ணமே ஒப்புவிக்கும்போது விளங்கியது போன்ற மயக்கம் ஏற்படுவது இயல்பு. தாய்மொழியில் விளக்க முற்பட்டால் விளங்காத இடம் உடனே வெளிப்படும்.

கலைப் பட்டதாரிகள் இத்துறை தமக்கு எட்டாதென அஞ்ச வேண்டுவதில்லை. நோக்கத்தைக் கேட்டறிதல், சொல்லின் பொருளை வரையறுத்தல், பலர் கூற்றையும் ஒருங்கிணைத்தல் ஆகியன இதன் முதன்மையான தேவைகள். கருவிகளைப் பற்றிய அறிவைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். யாருக்காக இவ்வமைப்பு இயங்குகிறது என்னும் வினாவை முதலில் எழுப்பும் பழக்கம் வந்துவிட்டால், பாட நூலின் மற்றப் பகுதிகள் தாமே வழிவிடும்.