வலியற்ற கல்லும் புற்றுநோயும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கு இயங்கிய கல் மருத்துவப் பிரிவு, சிறுநீர்க் கற்களைக் குறித்துப் பல ஆய்வுகளை வெளியிட்டுள்ளது. 1956 ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்த பின்னரும், அம்மாவட்டத்தார் பலர் இக்கல்லூரி மருத்துவமனையை நாடி வருகின்றனர். கல்லடைப்பு இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஆயினும், கல் நெடுங்காலம் தங்கிய இடத்தில் அரிதாகப் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

சிறுகல் சிறுநீர்க்குழாயில் இறங்குங்கால் மனிதனைத் துடிக்க வைக்கும். அவன் அன்றே மருத்துவரிடம் ஓடுவான். பெருங்கல்லோ பெரும்பாலும் அசையாது, நோவும் தராது. மான்கொம்புபோல் கிளைத்துச் சிறுநீரகத்தின் உட்குழிவை நிரப்பிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும் புரோட்டியஸ் முதலிய பாக்டீரியாக்களின் தொற்றால், மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிந்து இத்தகைய கல் வளர்வது வழக்கம்.

உட்குழிவைப் போர்த்தியுள்ள மெல்லிய படலம் விரிந்து சுருங்கும் இயல்புடையது. கல்லின் உராய்வும் சீழும் ஓயாது தாக்க, அப்படலத்தின் உயிரணுக்கள் தோலில் உள்ளவைபோல் தட்டையான செதில்களாக மாறுகின்றன. பலரிடம் மாற்றம் அவ்வளவில் நின்றுவிடும். மிகச் சிலரிடம் செதில் உயிரணுப் புற்றாக முற்றும். எகிப்தில் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் சிறுநீர்ப்பையில் தங்கி உறுத்தியதால் இதே வகைப் புற்று மிகுதியாகக் காணப்பட்டது.

இந்நோயைக் கண்டறிவது எளிதன்று. எக்ஸ்-ரே படத்தில் கல்லின் நிழலே கண்ணுக்குப் படும். அதன் பின்னுள்ள கட்டி மறைந்துவிடும். செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றி, நுண்ணோக்கியில் ஆய்ந்த பிறகே புற்று தெரியவந்த நிகழ்ச்சிகள் பல. அதற்குள் நோய் பரவியிருப்பின் கதிர் மருத்துவமும் மருந்துகளும் தரும் பயன் குறைவே.

கல்லுள்ளவர் அனைவரையும் புற்றுநோயின் பெயரால் அச்சுறுத்துதல் தகாது. சிறுநீர்ப் பாதைப் புற்றுக்குக் கல்லைவிடப் புகையிலையே பெருங்காரணம். களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லுங்கால், கல் எப்போது கண்டறியப்பட்டது, அகற்றப்பட்டதா, சிறுநீரில் இரத்தம் கண்டதா என வினவுதல் வேண்டும். "கல்லால் வந்த இரத்தந்தானே" என்று நோயாளி ஒதுக்கிவிடுவது இயல்பு. அவரை மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. அங்குக் கல்லை அகற்றும்போது, ஐயத்துக்குரிய இடத்தினின்று ஒரு சிறு துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவர்.