ஓப்பன் சோர்ஸ்: கதவு திறந்திருக்கு... ‘வாங்க’ன்னு சொல்ல ஆள் இருக்கா?

ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் சின்னப் பிழை கண்ணில் படுகிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தி அனுப்புகிறீர்கள். இரண்டு வாரமாகியும் பதில் இல்லை. அல்லது, ‘விதிமுறையைப் படிச்சுட்டு வாங்க’ என்று ஒற்றை வரி. மறுபடியும் அந்தப் பக்கம் போவீர்களா?

இதில் நமக்கென்ன?

ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் ‘மெயின்டெய்னர்’கள். பலருக்கு இது சம்பளமில்லாத வேலை. இணையப் பரிமாற்றங்களைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியில் தெரிந்தது. அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. புதியவர்கள் வராவிட்டால், பாரம் அந்தச் சிலர் மேலேயே இருக்கும்.

என்ன மாறியது?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சுடுசொல்லுக்குப் பெயர்போனவர். 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். லினக்ஸ் கெர்னல் திட்டம் புதிய நடத்தை நெறிமுறையை ஏற்றதும் அப்போதுதான்.

மரியாதையோடு, செய்வதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். கிட்ஹப்பில் உள்ள ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ லேபிள் அதற்குத்தான். அனுபவசாலி பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதைப் புதியவருக்காக விட்டுவைப்பது. எந்தக் கோப்பு, எப்படிச் சோதிப்பது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று நாலு வரி சேர்த்தால்தான் அந்த லேபிளால் பயன்.

கூட்டம் சேர்ந்தால் போதுமா?

போதாது. ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’டில், 2020இல் நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு. ஒரே ஒரு சொல்லை மாற்றிய வெற்றுத் திருத்தங்கள் குவிந்து மெயின்டெய்னர்கள் திணறினார்கள். சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே இனி அனுப்பலாம் என்று, நிகழ்வு நடக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதியவரா? மென்பொருளை நிறுவும்போது எங்கே தடுக்கியதோ, அந்த இடத்தின் வழிகாட்டிக் குறிப்பைத் திருத்தி அனுப்புங்கள். பழையவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் மறந்தே போயிருக்கும்.

மெயின்டெய்னரா? நிராகரித்தாலும் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். நேரமே இல்லையா? ‘பார்த்தேன், அடுத்த வாரம் சொல்றேன்’ போதும். அவர் திரும்பி வர அது ஒரு காரணம்.