பெண்டிர் மிதிவண்டிக்கு ஏற்ற டயர் எது?

எங்கள் அன்னையார் கிள்ளானுக்கு அருகிலிருந்த தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி வந்தார். வீட்டில் பெண்கள் ஓட்டும் பழைய மிதிவண்டி ஒன்று இருந்தது. அதன் பின்சக்கர டயர் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியதும், தந்தையார் பட்டணத்துக் கடை ஒன்றில் "இருபத்தாறு அங்குல டயர்" என்று கேட்டு வாங்கி வந்தார். மாட்டுவதற்கு மிக எளிதாகவே இருந்தது. அந்த எளிமையைக் கண்டே நாங்கள் ஐயுற்றிருக்க வேண்டும். இரண்டாம் நாள் விடியற்காலையில், செம்மண் பாதை தார்ச்சாலையோடு சேரும் இடத்தில், டயர் தன் இருப்பிடத்தை விட்டு நழுவியது. டியூப் பிதுங்கி வெடித்தது. கீழே விழுந்த அன்னையாருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாத காலம் அவர் பால்வெட்டும் கத்தியைத் தொடவில்லை. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை.

மாணவர்களே, தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பாருங்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 26 × 1½ என்றும், புதிய டயரில் 26 × 1⅜ என்றும் பொறிக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் 26 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 26 அங்குலம் என்பது காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய அளவு. டயர் உட்காரும் இடமாகிய சக்கர வளையத்தின் விட்டத்தை அது கூறுவதில்லை. பருத்த டயராயின் சிறிய வளையத்தின் மேலேயே 26 அங்குலம் நிரம்பிவிடும். மெல்லிய டயராயின் வளையம் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். ஆகவே 1½ அங்குல டயர் உட்காரும் விட்டம் 584 மில்லிமீட்டர். 1⅜ அங்குல டயருக்கோ 590 மில்லிமீட்டர். வேற்றுமை 6 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் கனத்திற்கும் சற்றுக் குறைவு. அச்சிறு தளர்ச்சியே போதுமானதாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணக்குப் பாடத்தில் 1¾ என்றாலும் 1.75 என்றாலும் ஒன்றே. டயர்க் கடையில் அவ்வாறன்று! 26 × 1.75 டயர் 559 மில்லிமீட்டர் வளையத்திற்கு உரியது. 26 × 1¾ டயர் 571 மில்லிமீட்டர் வளையத்திற்கு உரியது. ஒன்றிற்கு மற்றொன்று பொருந்தாது.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே, இரண்டு எண்களைச் சிறு கோட்டால் இணைத்துப் பொறிக்கும் பன்னாட்டு முறை ஒன்று வழக்கில் உள்ளது. 37-590 என்று இருந்தால், டயரின் அகலம் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர், உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர் என்று பொருள். முதல் எண் சிறிது மாறலாம். பின் எண் ஒருபோதும் மாறலாகாது. பழைய டயரைக் கழற்றுமுன் இவ்வெண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வதே தக்க வழி. "பெண்கள் வண்டிக்கு ஒரு டயர்" என்று மட்டும் கேட்பது பயன் தராது.

காற்றடைத்த டயரை 1887ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். முதலில் மிதிவண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் டயர் கேட்டதனாலேயே மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பலர் இந்நாட்டிற்கு வந்ததும் அவற்றில் உழைக்கவே.

இனி, பெண்களுக்கு எவ்வளவு பெரிய சக்கரம் ஏற்றது? பெண் என்பதற்காகத் தனி அளவு ஏதுமில்லை. உயரமும் கால் நீளமுமே அளவு. 1991ஆம் ஆண்டு தொடங்கித் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் அளித்தது. பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் கற்றனர். பெண்கள் வண்டி கிடைக்காமல் ஆண்கள் வண்டியை ஏற்றவர்கள் உண்டு. குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு.

எனினும், குள்ளமானவர் 28 அங்குலச் சக்கர வண்டியில் ஏறினால் தொல்லை உண்டு. இருக்கையை முழுதும் தாழ்த்திய பின்னும் கால் நுனி தரையில் படாவிட்டால் அவ்வண்டி அவருக்கு உரியதன்று. சிறிய சட்டத்தில் பெரிய முன்சக்கரத்தைப் பூட்டினால், திருப்பத்தில் கால்விரல் சக்கரத்தில் இடிக்கும். இதனைக் கண்டே அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்னும் பெண்மணி, முன்சக்கரம் மட்டும் 24 அங்குலமாக அமைந்த வண்டிகளை 1985ஆம் ஆண்டு முதல் விற்றார். ஒன்றை மறவாதீர்கள்: டயரை மாற்றிப் பெரிய வண்டியைச் சிறிதாக்க இயலாது. வளையம் மாறினால் பிரேக் கட்டை அதை எட்டாது. ஆகவே வண்டி வாங்கும்போதே சக்கரத்தைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை நமக்குச் சிறிது உரிமை உண்டு. பிரிக்பீல்ட்ஸ் வீதிகளிலும் கிள்ளான் சாலைகளிலும் மழைக்குப் பின் குழிகள் நீரில் மறைந்திருக்கும்; கால்வாய் மூடிகளின் இடுக்குகளும் உண்டு. அங்கே மிக மெல்லிய டயர் ஆகாது. இடம் கொடுக்குமாயின் சற்று அகன்றதே நலம். காற்றின் அளவும் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். உடல் எடை குறைந்தவர் அதன் மேல் எல்லை வரை அடிக்க வேண்டுவதில்லை. அடித்தால் வண்டி துள்ளும், ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். இவற்றோடு, பாவாடையோ பாஜு குரோங்கோ சேலையோ உடுத்தி ஓட்டுவோர் பின்சக்கரத்திற்கு வலைக்காப்பு இடுவது இன்றியமையாதது. டயர் எத்துணை நல்லதாயினும் சக்கரக் கம்பியில் சிக்கிய துணி ஆளை வீழ்த்திவிடும்.

புதிய டயரை மாட்டியதும் முழுக் காற்று அடிக்காதீர்கள். பாதி அடித்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். வளையத்தை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அது சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துள்ளது. ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் அலைந்தால், காற்றை இறக்கிவிட்டு எண்ணை மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டுச் சக்கரத்தை அன்று எவரும் சுழற்றிப் பார்க்கவில்லை.