குரல் வரும் முன்பே தொடங்கும் வேலை

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது பலரும் செய்கிற வேலை. அதே வேலையைப் பார்வையற்ற ஒருவர் யார் துணையுமின்றிச் செய்ய முடியுமா? முடியும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கணினி இன்னும் அவரைக் கைவிடுகிறது.

திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர்தான் அவருக்குக் கணினி. விண்டோஸில் நேரேட்டர், என்விடிஏ, ஜாஸ், லினக்ஸில் ஆர்கா. இவை எல்லாமே இயங்குதளத்துக்குள் குடியிருப்பவை. இயங்குதளம் எழும் முன் பேச ஆளில்லை. புதிதாக ஒன்றை நிறுவும் வேலையோ அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இதற்கு டெபியன் லினக்ஸ் கண்ட வழி அருமையானது. நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியை முடுக்கினால், முதல் பட்டியல் தயாரானதும் பீப் ஒலி கேட்கும். பழைய பயாஸ் கணினி என்றால் ஒரு முறை, புதிய யூஇஎஃப்ஐ என்றால் இரண்டு முறை. உடனே 'எஸ்' விசையை அழுத்தி என்டர் தட்டினால் போதும், சற்று நேரத்தில் குரல் பேசத் தொடங்கும். கேள்விகள் எண்ணிட்ட விடைகளோடு வரும். வேண்டிய எண்ணைத் தட்ட வேண்டியதுதான். 2013-ல் வெளிவந்த டெபியன் 7 முதல் இந்த வசதி இருக்கிறது. முடிந்தபின் புதிய இயங்குதளமும் பேசிக்கொண்டே எழுகிறது. இன்னொரு லினக்ஸான உபுண்டுவில் ஆல்ட், விண்டோஸ், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ஆர்கா பேசும்.

பயப்பட வேண்டிய கட்டம் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது. தவறான பகுதியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். ஆகவே கோப்புகளுக்கு நகல் எடுத்து, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைப் பத்திரப்படுத்திவிட்டு, பழகிய குரல் பேசும் விண்டோஸிலேயே லினக்ஸுக்கான இடத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. ஒதுக்கும் அளவு மற்ற எந்தப் பகுதியோடும் ஒத்துப்போகாமல் இருக்கட்டும். நிறுவி அளவை வாசிக்கும்போது, இதுதான் நம்முடையது என்று காதே கண்டுகொள்ளும்.

பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பவும் விண்டோஸ் அமைப்புகளில் வழி உண்டு: மீட்புப் பகுதியிலுள்ள மேம்பட்ட தொடக்கம். நிறுவியபின், இரண்டு இயங்குதளங்களில் எது வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலுக்குக் குரல் கிடையாது. ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் முடக்கி வைத்திருக்கும் ஒரு வரியை இயக்கிவிட்டால், பட்டியல் வந்ததும் ஒலி எழுப்பும். எத்தனை முறை கீழ் அம்பை அழுத்தினால் விண்டோஸ் வரும் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

இயங்குதளத்துக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரைதான் மாறாத தடை. செக்யூர் பூட் போன்ற ஓர் அமைப்பை மாற்ற அதற்குள் போனால், பெரும்பாலான கணினிகளில் எந்த ஸ்கிரீன் ரீடரும் வராது. அப்போது கைபேசி கேமராதான் கைகொடுக்கிறது. சீயிங் ஏஐ செயலி திரையின் எழுத்துகளை வாசித்துச் சொல்லும். 2015-ல் டென்மார்க்கில் தொடங்கிய பி மை ஐஸ் செயலியில் ஒரு தன்னார்வலர் வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்வார். நல்ல உதவிகள்தான். ஆனாலும், தன் கணினியின் முதல் திரையைப் படிக்க முன்பின் தெரியாத ஒருவரை அழைக்க வேண்டியிருப்பது நியாயமில்லை.

தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் டெபியன் இவ்வளவு செய்திருக்கிறது. கணினி தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் அந்த ஒரு திரைக்கும் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை, பார்வையற்ற நண்பர் யாராவது உதவி கேட்டால் திரையில் இருப்பதை வாசித்து மட்டும் சொல்லுங்கள். விசைப்பலகை அவர் கையிலேயே இருக்கட்டும்.